ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம்

ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. கட்டைவிரலுக்கு 30. ஒரே கையில் நான்கு விரல்களும் போனால் 50. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்படி வரிசையாக அச்சிட்டிருக்கிறது. ஒருவரின் சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்பதற்கான அளவு அது. 2010 முதல் அதற்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அது போய்விட்டது. எலும்புக்கூடு பெரும்பாலும் அதேதான். இன்னும் நிலுவையில் கிடக்கும் விபத்துகள் பழைய சட்டத்தின் கீழ் வருபவை என்பதால் இங்கே பழைய சட்டத்தின் கணக்கையே சொல்கிறோம்.

ஜவளகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை எதற்கு? ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் காடு, பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இறங்கும் வழி. எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல், ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகள். இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட். நிலம் இல்லாத சேரிப் பிள்ளைகள் விடியும் முன்னே ஷிப்ட் வேனில் ஏறுகிறார்கள். பெண்கள் தளிப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களுக்கு டெம்போவில் நின்றுகொண்டு போகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த தோழர்கள் ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி அதே மெஷினில் நிற்கிறார்கள். பவர் பிரஸ்ஸும் கிரைண்டரும் சாதி கேட்பதில்லை என்பார்கள். மெஷின் கேட்பதில்லைதான். அந்த மெஷினின் முன்னால் யாரை நிறுத்துவது, யாரை ஏ.சி. அறையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் எல்லாம் தெரியும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம், நோட்டில் எழுதி வையுங்கள். வயது 25. மாதச் சம்பளம் 15,000. 2020 ஜனவரி 3 முதல் சட்டம் ஏற்கும் உச்சவரம்பும் அதுதான். அதில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்குக் காரணி 216.91. பெருக்கினால் 19,52,190. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம், அதாவது ரூ. 2,73,306. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதம்.

நாங்கள் பார்த்த வரையில் நடப்பது வேறு. கையில் கட்டுப் போட்டு, இருபதாயிரம் ரூபாயை ஒரு கவரில் வைத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. ஈ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. அதற்குப் பதிலாக வாழ்நாள் முழுக்க ஊனப் பலன் வர வேண்டும். அதற்கும் ஆளில்லை. கான்ட்ராக்டரின் ஏட்டில் பெயரே இருக்காது. விபத்து நடந்த மறுநாள் முளைக்கும் பதிவு எண்களையும் பார்த்திருக்கிறோம். கேட்டால் ஒரே பதில்தான்: "அவன் கவனக்குறைவு."

இந்தச் சொல்லை முதலில் உடைக்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டம் கவனக்குறைவைக் கேட்பதே இல்லை. வேலையினால், வேலை நேரத்தில் காயம் என்றால் முதலாளி கொடுக்க வேண்டும். குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி நிரூபித்தால் மட்டும் விலக்கு. மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த விலக்குகூடக் கிடையாது. சென்சாரைக் கழற்றிவிட்டு உற்பத்தியைக் கூட்டச் சொல்வது சூப்பர்வைசர். கவனக்குறைவு மட்டும் கூலிக்காரனுடையது! "அவர் கான்ட்ராக்டர் ஆள், எங்கள் ஆள் இல்லை" என்பதும் செல்லாது. சட்டத்தின் 12ஆம் பிரிவு, வேலை யாருடைய தொழிலுக்காக நடந்ததோ அவரையே பொறுப்பாக்குகிறது. கொடுத்த பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. ஓசூரைத் தாண்டியதும் வரும் முதல் கர்நாடக ஊர். முதல் நாளிலேயே 14 பேர் இறந்தார்கள். தீபாவளிச் சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊர் பல பிள்ளைகளை இழந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அத்திப்பள்ளிக்குக் கர்நாடகம் 5 லட்சம், தமிழ்நாடு 3 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சிகள் அதை இழப்பீடு என்றன.

அது இழப்பீடு இல்லை, நிவாரணம். அரசு இரக்கப்பட்டுக் கொடுப்பது. 20 வயது இளைஞர், மாதம் 15,000 சம்பளம் என்று வைத்தால் மரணத்துக்குச் சட்டம் சொல்லும் கணக்கு: பாதிச் சம்பளம் 7,500, காரணி 224, மொத்தம் 16,80,000. வெடிபொருளைக் கையாளும் வேலை இந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. முதல்வர் எத்தனை லட்சம் அறிவித்தாலும் முதலாளியின் கடன் தீராது. ஆனால் நம் ஊர்களில் அறிவிப்பு வந்த அன்றே விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காசோலை கொடுக்கும் புகைப்படத்தில் எம்.எல்.ஏ. நடுவில் நிற்கிறார், முதலாளி எங்கோ ஓரமாக நழுவிவிடுகிறார். நிவாரணத்துக்குக் கைகூப்ப வேண்டியிருக்கிறது. இழப்பீட்டுக்கு மனுப் போட வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் நிற்க வேண்டும். சேரிக்காரர் கைகூப்புவதை இந்தச் சமூகம் விரும்புகிறது. கூண்டில் ஏறிக் கணக்குக் கேட்பதை விரும்புவதில்லை.

இன்னொரு பொய்யும் எல்லையில் உலவுகிறது. "விபத்து கர்நாடகத்தில் நடந்தது, நீ அங்கே போய்த்தான் கேஸ் போட வேண்டும், கன்னடத்தில் எழுத வேண்டும்." சட்டத்தின் 21ஆம் பிரிவு, மனுதாரர் வழக்கமாக வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுப் போடலாம் என்கிறது. சாலை விபத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அதே உரிமையைத் தருகிறது. ஜிகணியில் கை போனவர் தமிழ்நாட்டில் மனுப் போடலாம். ஓசூரில் இறந்த ஒடிசாத் தொழிலாளியின் அம்மா தன் மாவட்டத்திலேயே போடலாம். இது 1995இல் வந்த திருத்தம். முப்பது ஆண்டுகள் ஆகியும் எல்லைக்கோட்டைக் காட்டி நம்மை மிரட்டுகிறார்கள் என்றால், சட்டம் தெரிந்த நம் ஆள் அந்த இடத்தில் இல்லை என்றுதான் அர்த்தம்.

யார் இருக்கிறார்கள்? ஜி.எச். பிணவறை வாசலில் புரோக்கர் இருக்கிறார். எஃப்.ஐ.ஆர். நகல் குடும்பத்துக்குக் கிடைக்கும் முன் அவர் கையில் இருக்கும். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, ஜெயித்தால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. விளம்பரப் பலகை இல்லாத குறையைப் புரோக்கர் தீர்க்கிறார். பங்கு பேரம் வாய்மொழியில் முடிகிறது. வெற்று வக்காலத்தில் கைநாட்டு வைத்த தாய்க்கு, வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதே தெரியாது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குத் தனிப் பெயரும் தனி வசதியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து குடியேறினார், படையில் சேர்ந்தார், திரும்பி வந்து சட்டம் படித்தார், இப்போது விபத்தில் அடிபட்டவர்களுக்காக வாதாடுகிறார் என்ற வகைக் கதைகளை நம் மாணவர்களும் பகிர்கிறார்கள். 'உழைத்தால் உயரலாம்' என்று கீழே ஒரு வரி. தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறோம். கோட்டு சூட்டுப் போட்டு, கையில் புத்தகத்தோடு.

பாபாசாகேப் 1891இல் மௌ ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஒரு மகார் வீட்டில் புத்தகம் நுழைந்தது பட்டாளத்தின் வழியாக. அதே பட்டாளம் 1890களில் மகார்களுக்குக் கதவை அடைத்தது. 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற வெள்ளைக்காரத் தத்துவம் நம் சாதித் தத்துவத்தோடு கைகோத்த காலம் அது. மதராஸ் படையில் இருந்த பறையர் சிப்பாய்களையும் அந்தத் தத்துவமே ஓரங்கட்டியது. ரத்தம் கொடுத்த இடத்திலேயே தகுதி இல்லை என்றார்கள். ராம்ஜி அதை எதிர்த்து மனு எழுதும் வேலையில் இறங்கினார். மகன் பின்னாளில் எழுதிய மனுக்களுக்கு முன்னோடி அந்த மனுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

1913 தொடக்கத்தில் அம்பேத்கர் பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினன்ட் ஆனார். சில நாட்கள்தான். அப்பாவின் உடல்நிலை மோசமென்று தகவல் வந்து கிளம்பினார், பிப்ரவரி 2 அன்று அப்பா இறந்தார். அதே ஆண்டு கொலம்பியா, பிறகு லண்டன். 1917இல் திரும்பி வந்து பரோடா மன்னரின் ராணுவச் செயலாளர் பதவியில் உட்கார்ந்தவருக்கு அந்த ஊரில் குடியிருக்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் குடியேறி வந்தவராக இருந்தபோது கிடைத்த மரியாதை சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. அந்நியர் யார், எங்கே என்பது நமக்கு எப்போதும் தலைகீழ்தான். ஜவளகிரியிலிருந்து பெங்களூருக்குப் போகிற பிள்ளையைக் கேளுங்கள், எந்த ஊரில் வாடகை வீடு கேட்கும்போது சாதி கேட்டார்கள் என்று சொல்லுவான்.

1923இல் பாரிஸ்டராக பம்பாய் திரும்பினார். வழக்கறிஞர் சன்னத் வாங்கப் பணம் இல்லை. நண்பர் நவல் பதேனா உதவினார். உயர் நீதிமன்ற சொலிசிட்டர்கள் தீண்டத்தகாத பாரிஸ்டருக்கு வழக்குத் தரவில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் சின்னச் சின்ன வழக்குகள், மாலையில் ஒரு பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்ட வகுப்பு, இப்படித்தான் பிழைப்பு ஓடியது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே 1923தான்.

சுவரில் மாட்டிய படத்தில் இல்லாத ஒரு விஷயத்துக்கு இப்போது வருகிறோம். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர். யுத்த காலம். ஜப்பானியக் குண்டு விசாகப்பட்டினத்திலும் கல்கத்தாவிலும் விழுந்தது. தொழிற்சாலையில் நிற்கும் கூலிக்காரர் குண்டில் அடிபட்டால் யார் பொறுப்பு? 1943இல் போர்க்காய இழப்பீட்டுக் காப்பீட்டு மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அம்பேத்கர். முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும், அதற்காகக் கட்டாயம் காப்பீடும் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் சாரம்.

அந்தத் துணிச்சலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குண்டைப் போட்டது எதிரி விமானம். முதலாளியின் தவறு துளியும் இல்லை. ஆனாலும் உன் ஆலையில், உன் லாபத்துக்காக நின்றவன் உடம்பில் காயம் பட்டால் அந்தச் செலவு உன் கணக்கில் ஏறும் என்றது சட்டம். 1943இல் வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கே முதலாளி பொறுப்பு. இன்றைக்குத் தன் ஷெட்டில் தன் பிரஸ்ஸில் போன விரலுக்கு 'கவனக்குறைவு' என்கிறான்! ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்ததற்கு அடித்தளம் போட்ட அதார்கர் அறிக்கையும் அம்பேத்கர் தொழிலாளர் துறையில் இருந்த காலத்தில், 1944இல் வந்ததுதான். ராணுவ வீட்டுப் பிள்ளை, குடியேறிப் படித்தவர், வழக்கில்லாமல் அலைந்த வக்கீல், கடைசியில் காயத்துக்குக் கணக்குக் கேட்கும் சட்டத்தைத் தன் கையால் கொண்டுவந்தார். அமெரிக்கக் கதையைப் பகிர்வதற்கு முன் இதைப் பகிருங்கள்.

ஆனால் இதையும் 'உழைத்தால் உயரலாம்' ஆக்கிவிடாதீர்கள். பட்டாளப் பள்ளி, கெய்க்வாட் உதவித்தொகை, சாகு மகாராஜாவின் பணம், பதேனாவின் கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு வக்கீல் உருவானார். கதவுகளைத் திறந்து வைக்க யாரோ இருந்தார்கள். திறக்காத கதவுகளுக்கு முன்னால் எத்தனை ராம்ஜிகளின் பிள்ளைகள் நின்றே போனார்கள் என்று எந்த வாழ்க்கை வரலாறும் எழுதுவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இருந்தார், சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்த அமெரிக்கப் படையில் முதல் உலகப் போரின்போது லெப்டினன்ட். எதிரியைவிடச் சொந்த ராணுவத்தின் வெள்ளை அதிகாரிகளிடம் பட்ட அவமானம் அதிகம். உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது என்று அங்கேயே முடிவெடுத்தார். ஹார்வர்டில் படித்தார். அதன் பிறகு அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். 1929 முதல் 1935 வரை ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியை நடத்தினார். மாலை நேர வகுப்பாகக் கிடந்ததை முழுநேரப் பள்ளியாக்கி, கறுப்பின வழக்கறிஞர்களை உருவாக்கும் பட்டறையாக மாற்றினார். துர்குட் மார்ஷல் அந்தப் பட்டறையில் வந்தவர். 1944இல் கறுப்பின ரயில்வே தொழிலாளி ஒருவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதும் ஹூஸ்டன்தான். தொழிலாளி வழக்கு அவருக்குச் சின்ன வழக்காகத் தெரியவில்லை.

நமக்குத் தெரிகிறது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரண அட்டவணை நம் தோழர்களுக்கு மனப்பாடம். 85,000 முதல் 8,25,000 வரை எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். கழிவுநீர்த் தொட்டி மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் என்றிருந்ததை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியதும் தெரியும். அந்த அறிவுக்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. ஆனால் பிரஸ் ஷாப்பில் விரல் போனவர் அலுவலகத்துக்கு வந்தால், "இது லேபர் கேஸ், யூனியனைப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறோம். யூனியன் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும். கான்ட்ராக்ட் தொழிலாளி திரும்பி வந்து நிற்கும் இடம் புரோக்கரின் டீக்கடை. சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் எல்லோருக்கும் அரசியலமைப்புச் சட்டம்தான் வேண்டும், உயர் நீதிமன்றம்தான் வேண்டும். 'எம்.சி.ஓ.பி. வக்கீல்' என்றால் ஒரு இளக்காரம். தீர்ப்பாயத்தில் நம் ஆளின் உடம்புக்கு விலை எழுதும்போது மட்டும் அரசியலமைப்பு விடுமுறையில் போய்விடுமா?

அந்த விலை எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு ஒரு வழக்கு. ராமச்சந்திரப்பா, கர்நாடகத்துக் கூலித் தொழிலாளி. 2004இல் விபத்து. மாதம் 4,500 சம்பாதித்தேன் என்றார். தீர்ப்பாயம் 3,000 என்று தானே வைத்துக்கொண்டது. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் கூலிக்காரர் எதைக் காட்டுவார்? 2011இல் உச்ச நீதிமன்றம்தான் 4,500ஐ ஏற்றது. ஒரு கூலியின் சொல்லை நம்ப, மாதம் 1,500 ரூபாய் வித்தியாசத்துக்கு, டெல்லி வரை போக வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர்காரர் சம்பளத்தை யாரும் இப்படிக் குறைத்து மதிப்பதில்லை, அவரிடம் தாள் இருக்கிறது. தாள் கொடுக்காமல் வேலை வாங்குவது முதலாளி, தாள் இல்லையென்று தண்டிக்கப்படுவது தொழிலாளி.

நல்ல தீர்ப்புகளும் இருக்கின்றன, எடுத்து வாதாட ஆள் வேண்டும். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீனிவாஸ் சபாதா, 1975. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர். இன்னொரு கை இருக்கிறதே, பகுதி ஊனம்தானே என்றார் முதலாளி. ஒரு கையோடு தச்சு வேலை எப்படிச் செய்வது, இது 100 சதவீதம் என்றது நீதிமன்றம். நம் பிரஸ் ஆபரேட்டர்களுக்கும் வெல்டர்களுக்கும் இந்தத் தீர்ப்பு ஒரு ஆயுதம். 2025 ஜூலையில் வந்த தைவ்ஷாலா வழக்கில், சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் இறந்த காவலாளியின் குடும்பத்துக்கும் இழப்பீடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அதிகாலை ஷிப்ட் வேனில் போகும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. டெம்போவில் ஏற்றிப் போகும் பசுமைக்குடில் பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். சரக்கு வண்டியில் போனவருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி தீர்ப்பைக் காட்டும். அப்போது வேலைக்கு ஏற்றிப்போன முதலாளி மீது இழப்பீட்டுச் சட்டத்தில் போக வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று முதல் வாரத்திலேயே தெரியவில்லையென்றால் வழக்கு அப்போதே பாதி போயிற்று. சாலை விபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு வேறு. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. நாம் கெடுவுக்குள் போடுவதே புத்தி.

பாதை கடினம்தான், ஆனால் சில பூட்டுகள் உடைந்திருக்கின்றன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்றது. மற்றவர்களுக்கு 750. அதுவரை மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. சன்னத்துக்குக் கடன் வாங்கிய பாபாசாகேப்புக்குப் பின் நூறு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு. யாராவது கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டாளத்திலிருந்து நாற்பது வயதில் ஓய்வு பெற்று வந்து, ஏ.டி.எம். வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்கும் நம் அண்ணன்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் இருக்கிறது, ஆங்கிலமும் இந்தியும் தெரியும், அதிகாரியின் முன்னால் கூனாமல் நிற்கத் தெரியும். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு வயது வரம்பு வைத்த பார் கவுன்சில் அறிவிப்புக்கு 2017இல் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்த அண்ணன்களைப் போய்ப் பாருங்கள். பீகார்த் தொழிலாளியிடம் இந்தியில் வாக்குமூலம் வாங்க அவர்களைவிட யார் பொருத்தம்?

படித்து முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இழப்பீட்டு ஆணையர் முன் வழக்கறிஞர்தான் ஆஜராக வேண்டும் என்றில்லை. 24ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகி ஆஜராகலாம். ஆணையரின் அனுமதியோடு, எழுத்தில் அதிகாரம் பெற்ற வேறு எவரும் ஆஜராகலாம். அந்த 'வேறு எவரும்' நீங்கள்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், ஊனமுற்றோர், தொழிலாளர் எல்லோருக்கும் இலவச வழக்கறிஞர் உரிமை இருக்கிறது. விபத்து நடந்த அன்றே செய்ய வேண்டியது: கேட் பாஸ், வருகைப் பதிவேடு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, கான்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உடன் நின்றவரின் பெயரும் ஊரும் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பது. மருத்துவமனைப் பதிவில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத விடாதீர்கள். எந்த ஆலையில், எந்த மெஷினில் என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் மூன்று ஆண்டு வாதம் அந்த ஒரு வரியில் தொங்கும்.

வெள்ளைத்தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு தகவல். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. மரணம் என்றால் இழப்பீட்டை ஆணையரிடம் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகத் திணித்த பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது, மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மனுப் போட விபத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஆணையர் ஏற்கலாம். கவரில் வாங்கிய இருபதாயிரத்தைச் செலவு செய்தாயிற்றே, இனி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கு இந்த வாரமே போங்கள்.